தறி நிற்காத வீட்டில் நோய் இல்லை

கணக்கெடுப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் எல்லாம் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கதவை எப்படித் தட்டுவது, அடையாள அட்டையை எப்படிக் காட்டுவது, நாய் துரத்தினால் படிவங்களை எப்படிக் காப்பாற்றுவது என்பது வரைக்கும். நாய் துரத்தினால் உங்களை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். அது நீங்களாகக் கற்றுக்கொள்ள வேண்டியது.

நான் ஆரணிக்காரி. வீடு வீடாகப் போய், யாருக்கு என்ன நோய் வந்தது, எங்கே காட்டினீர்கள், எவ்வளவு செலவானது, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுதியே ஓய்வு பெற்றவள். நாட்டில் ஜனங்கள் வைத்தியத்துக்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள், முன்பைவிடக் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று டெல்லியில் ஒரு கோடு வரைகிறார்கள் அல்லவா, அந்தக் கோட்டுக்கான புள்ளிகளை இந்தப் பக்கத்துத் தெருக்களில் பொறுக்கிக்கொண்டு போய்க் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. இப்போது அந்தக் கோட்டை எங்காவது பத்திரிகையில் பார்த்தால் பக்கத்தைத் திருப்பிவிடுகிறேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உற்சாகம் வேண்டுமென்று படிக்க உட்கார்ந்தவர்கள் இங்கேயே எழுந்துகொள்ளலாம், நான் தவறாக நினைக்க மாட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் களம்பூரில் ஓர் அரிசி மில் முதலாளி வீட்டுக்குப் போனேன். கடந்த பதினைந்து நாளில் இந்த வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனதா என்று கேட்டேன். அந்த அம்மாள் ஆரம்பித்தார். அவருக்கு மூட்டு வலி, வீட்டுக்காரருக்கு அசிடிட்டி, மூத்த மருமகளுக்கு ஒற்றைத் தலைவலி, பேரனுக்குத் தும்மல், நடுவில் அவருக்கே இன்னொன்று ஞாபகம் வந்து, கால் பெருவிரல் நகம் உள்ளே வளர்ந்ததைப் பற்றி ஒரு கதை. ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர், ஒரு ஸ்கேன். டிபன் சாப்பிடவைத்துத்தான் அனுப்பினார். மறுநாள் ஆரணியில் நெசவாளர் தெரு. வீட்டுக்கு வீடு ஒரே பதில்: "ஒண்ணியும் இல்லம்மா. நல்லாத்தான் கீறோம்." சொன்னவர்களில் ஒருவர் வாக்கியத்துக்கு ஒரு முறை இருமிக்கொண்டிருந்தார். இரண்டு நாள் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்த வட்டாரத்தில் நோயெல்லாம் மில் முதலாளி வீட்டில்தான் குடியிருக்கிறது என்று ஆகிவிடும். யாரோ ஒருவர் அப்படித்தான் முடிவுக்கு வரப்போகிறார் என்று எனக்கு அன்றைக்கே பயமாக இருந்தது.

அப்போது என் மேலதிகாரியாக இருந்தவரிடம் போய்ப் புலம்பினேன். அவர் பெயர் வேண்டாம். கறாரான மனிதர், ஆனால் தெருவில் கால் வைத்து வேலை செய்தவர். அவர் தாள்களைப் புரட்டிவிட்டு, "நோய்னு கேட்டா அவங்க எதைம்மா சொல்லுவாங்க? படுத்தாத்தான் அவங்களுக்கு நோய். தறி நின்னுச்சான்னு கேளு," என்றார்.

கேட்டேன். வித்தை பலித்தது. "தறியா? போன வாரம் மூணு நாளு நின்னுதே, இவருக்கு ஜொரம்." "எனக்கு வயித்தால போச்சி, தார் சுத்த ஆள் இல்லாம தறி காலி." தார் என்பது தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூல்கண்டு, அதைச் சுற்றிக் கொடுப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அவர்கள் படுத்தாலும் தறி நிற்கும். இப்படி ஒரே கேள்வியில் காய்ச்சல், பேதி, மஞ்சள் காமாலை எல்லாம் வரிசையாக வந்து தாளில் உட்கார்ந்தன. பல வருடங்களுக்கு அந்தக் கேள்விதான் எனக்குச் சோறு போட்டது. புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தேன். சந்தவாசல் பக்கம் போகிறவர்களிடம், 'அங்கே தறி இல்லை, ஆடு மேய்க்கப் போகாமல் இருந்தீர்களா என்று கேளுங்கள்' என்று மாற்றிச் சொல்லும் அளவுக்கு எனக்குக் கர்வம் வந்துவிட்டது.

அந்தக் கேள்விக்கு எப்போது வயதானது என்பதை நான் கவனிக்கவில்லை. நோய்கள் மாறிக்கொண்டே வந்தன. முன்பெல்லாம் வந்தது, படுக்க வைத்தது, போய்விட்டது அல்லது ஆளைக் கொண்டுபோய்விட்டது. பிறகு வந்தவை அப்படி இல்லை. சுகர், பிரஷர் என்று தெருவுக்குத் தெரு பேச்சு கிளம்பியது. அவை யாரையும் படுக்க வைக்கவில்லை. உள்ளே இருந்துகொண்டு ஆளை வேலை செய்ய விட்டன. நான் மட்டும் ஜுரக் காலத்துக் கேள்வியையே தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

வரதன் வீட்டுக்கு அந்தக் கேள்வியோடுதான் போனேன்.

வரதன் பட்டு நெசவாளி. அவரும் மனைவி மல்லிகாவும் மட்டும்தான் வீட்டில். ஒரே மகளை வந்தவாசியில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நான் போன நேரம் அவர் தறியில் இருந்தார். குழித்தறியை நீங்கள் பார்த்திருக்காவிட்டால் சொல்லிவிடுகிறேன்: நெசவாளி தரை மட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு, அடியில் இருக்கும் மிதிகட்டைகளை மிதித்து நெய்வார். எதிரில் உட்கார்ந்து பேசுகிறவருக்கு அவர் இடுப்புக்கு மேலேதான் தெரிவார். ஆரணிக்காரியான எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்?

"நிறுத்தட்டுமா மேடம்?" என்றார்.

"வேணாங்க, நெய்துகிட்டே சொல்லுங்க," என்றேன். நான் எப்போதும் அப்படித்தான். தறி நின்றால் அவர்களுக்குக் கூலி நஷ்டம், நமக்கோ எரிச்சலான பதில்.

உடம்பு சரியில்லாமல் போனதா என்றேன். இல்லை என்றார். தறி நின்றதா என்றேன். அவருக்கு அது பெருமையான விஷயமாகப் பட்டது. "எந்தத் தறி நின்னாலும் நம்ம தறி நிக்காது மேடம். முகூர்த்தத்துக்குக் குடுக்க வேண்டிய பாவு ஓடிகினு கீது. நாலு புடவைல ரெண்டு எறக்கிட்டேன்." பாவு என்பது தறியில் நீளவாட்டில் ஏற்றியிருக்கும் நூல், அது தீரும் வரை புடவை புடவையாக நெய்து இறக்குவார்கள். மல்லிகா தார் சுற்றிக்கொண்டே சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே 'நோய் இல்லை' என்று குறித்தேன். வலிக்காத ஊசி போல அவ்வளவு சுலபமாக இருந்தது.

பிறகு, காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று ஒரு கேள்வி வரும். அட்டையை எடுக்க அவர் குழியிலிருந்து எழுந்து அலமாரிக்கு நடந்தார். சிமெண்டுத் தரையில் அவர் போன வழியில் ஈரம். ஒரு காலடிக்கு மட்டும் ஈரம், மற்றதற்கு இல்லை. மல்லிகா தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டாளோ என்று முதலில் நினைத்தேன். சொம்பு மூலையில் நிறைந்து நின்றது. அப்புறம்தான் வாடை தெரிந்தது.

"காலைக் காட்டுங்க," என்றேன்.

"இதுவா? மிதிகட்ட தேச்சிகினே இருந்ததுல வந்துச்சி. வலியே இல்ல மேடம்." பெருமையோடு உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினார். பெருவிரலுக்குக் கீழே சதை வெள்ளையாக வெந்தது போல் இருந்தது, நடுவில் கறுப்பு. நான் டாக்டர் இல்லை. ஆனால் இத்தனை வீடுகளில் இத்தனை கதைகளைக் கேட்டு எழுதியவளுக்கு, வலிக்காத புண் எங்கே போய் முடியும் என்பது தெரியும்.

"சுகர் இருக்கா?"

"ஒரு வாட்டி பாத்துட்டு இருக்குதுன்னாங்க. மாத்திரகூட சும்மாதான் குடுத்தாங்க. அங்க க்யூவுல நின்னா அரை நாள் தறி போவுது. பேஜாரு. அப்பால போவல."

தாளில் எழுதியதை அடித்துவிட்டுத் திருத்தினேன். நோய் உண்டு. சிகிச்சை இல்லை. ஏன் சிகிச்சை பெறவில்லை என்பதற்கு அச்சிட்ட பதில்கள் சில இருக்கும், அவற்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் சொன்னதற்கு நெருங்கி வந்தது 'நோயைக் கடுமையானதாகக் கருதவில்லை' என்பது. செலவு: இல்லை. சட்டப்படி அத்தோடு என் வேலை முடிந்தது. நன்றி சொல்லி அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நான் போகவில்லை. "இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க," என்றேன்.

"பாவு முடியட்டும் மேடம்."

"வேற ஆள வெச்சி முடிக்கச் சொல்லுங்க. உங்க முதலாளிகிட்ட நானே வந்து பேசறேன்."

அதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மல்லிகாவைப் பார்த்து, 'பார், இவங்களும் நம்ம ஊர்தானா' என்பது போலத் தலையாட்டினார். "ஒரே பாவுல பாதி நான் நெய்ஞ்சி பாதி இன்னொருத்தன் நெய்ஞ்சா அடி மாறிடும் மேடம். ஆளுக்கு ஆள் கை வேற இல்லியா? வெளிச்சத்துல புடிச்சா குறுக்க வரி தெரியும். கல்யாணப் புடவ. பொண்ணு வூட்டுக்காரன் வாங்குவானா? முதலாளி நல்லவருதான், அனுப்புவாரு. நான் வுடமாட்டேன்."

அவர் பிடிவாதம் முட்டாள்தனம் இல்லை. அந்தப் புடவையில் வரி விழுந்தால் அடுத்த பாவு அவருக்கு வராது. கால் போனால் எந்தப் பாவும் வராது என்று நான் சொன்னேன். வலிக்காத காலைப் பற்றி ஒருத்தி வந்து பயமுறுத்தினால் யார் நம்புவார்கள்?

வாசலுக்கு வந்து, தறிக் கேள்வியைச் சொல்லிக்கொடுத்த அதே மேலதிகாரிக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். "தெர்மாமீட்டர் ஜுரத்தை எறக்காதும்மா. எவ்வளவுன்னு காட்டும், அவ்வளவுதான்," என்றார். பிறகு காரணமும் சொன்னார். நாம் ஒரு வீட்டில் ஏதாவது செய்து கொடுத்தோம் என்று தெருவில் தெரிந்தால், அடுத்த வீட்டில் ஒருவரும் உண்மை சொல்ல மாட்டார்கள். உதவி கிடைக்கும் என்று இல்லாத நோயைச் சொல்வார்கள், ஏதாவது பறிபோகும் என்று இருக்கிற நோயை மறைப்பார்கள். அப்புறம் மொத்தக் கணக்கும் குப்பை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தவறில்லை. இன்றைக்கும் உங்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் அன்றைக்கு அந்த வாடை என் புடவையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது போல் இருந்தது.

திரும்பி உள்ளே போனபோது மல்லிகா முந்திக்கொண்டாள். கணவரிடம் உரக்கச் சொன்னாள்: "கேட்டியா? ஆஸ்பத்திரிக்குப் போவலன்னா நம்ம கார்ட எடுத்துடுவாங்களாம். மேடம் இப்பதான் ஆபீசுக்குப் போன் போட்டாங்க."

நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவள் என்னைப் பார்க்கவே இல்லை, கை பாட்டுக்கு தாரைச் சுற்றிக்கொண்டிருந்தது. வரதன் என்னைப் பார்த்தார். முதல் முறையாக அவர் முகத்தில் பயம். "அப்பிடியா மேடம்?"

பயிற்சியில் உங்களுக்கு முதல் நாளே சொல்லியிருப்பார்கள்: இந்தக் கணக்கெடுப்புக்கும் எந்தச் சலுகைக்கும் சம்பந்தமில்லை என்று எல்லா வீட்டிலும் தெளிவாகச் சொல்ல வேண்டும். நான் எல்லா வீட்டிலும் சொன்னவள். அந்த வீட்டிலும் உள்ளே நுழைந்ததும் சொல்லியிருந்தேன். இப்போது அவர் கேட்கிறார், நான் ஆம் என்றால் பொய், இல்லை என்றால் அவர் குழிக்குள் இறங்கிவிடுவார். யோசிக்க அவகாசம் இல்லை. தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்தேன். "நாளைக்குக் காலைல போயிட்டு வந்துடுங்க," என்று மட்டும் சொன்னேன். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வாசல் வரைக்கும் வந்த மல்லிகா, "உடம்புன்னா கேக்க மாட்டாரு மேடம். கார்டுன்னா கேப்பாரு," என்றாள்.

கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சிலிருந்து வரும் வழியில் மார்க்கெட் பக்கம் சைக்கிளை நிறுத்திக்கொண்டு கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினார். "போய்ட்டு வந்துட்டேன் மேடம். தோ பாருங்க, தேதி போட்டிருக்குது. கார்டு இருக்குமில்ல?"

காலில் வெள்ளைக் கட்டு இருந்தது. அதற்குள் அழுக்கேறியிருந்தது. "தினமும் வந்து கட்டு மாத்தணும்னு சொல்லியிருப்பாங்களே," என்றேன்.

"சொன்னாங்க. காலையும் கீழ ஊனக் கூடாதாம், நெய்யக் கூடாதாம். அதெல்லாம் பாவு முடிஞ்சதும் பாத்துக்கலாம். கார்டு ஒண்ணும் ஆவாதே மேடம்?"

ஆகாது என்றேன். நிம்மதியாகச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கட்டுப் போட்ட காலாலேயே பெடலை மிதித்துக்கொண்டு போனார். காலுக்காகப் போயிருந்தால் மறுநாளும் போயிருப்பார். கார்டுக்காகப் போனவர், கார்டு பத்திரம் என்று தெரிந்ததும் தறிக்குத் திரும்பிவிட்டார். பயமுறுத்தி ஒருவரை ஒரு தடவை அனுப்பலாம். தினமும் அனுப்ப முடியாது. நான் தெருவில் நின்று அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிக் கையாலாகாமல் நின்றதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

புடவைகள் நன்றாக வந்தன என்று கேள்வி. வரி இல்லை, குற்றம் இல்லை. கல்யாணமும் நடந்திருக்கும். பாவு முடிந்த கையோடு வரதனுக்குக் குளிர் ஜுரம் வந்தது, அப்போதுதான் தறி நின்றது. வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மல்லிகாவை ஆரணி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வேலூர் பஸ்ஸுக்கு நின்றாள், கையில் ஒயர் கூடை, அதில் சாப்பாட்டுத் தூக்கு. நான் அழுதுவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது, அவள்தான் என்னைத் தேற்றுகிறவள் போலப் பேசினாள். "நல்லவேள கார்டு இருந்துச்சி மேடம். கால எடுக்கறதுக்கு ஒரு ரூபா கேக்கல. எல்லாம் கார்டுலயே முடிச்சிட்டாங்க." பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, "பஸ் சார்ஜுதான் மேடம் தாங்கல," என்றாள்.

நியாயமாகப் பேசுவோம். அந்த அட்டை இல்லாத காலத்தையும் பார்த்தவள் நான். அப்போது இதே ஆபரேஷனுக்கு வீட்டை விற்றவர்களை எழுதியிருக்கிறேன், பாதியில் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டவர்களையும் எழுதியிருக்கிறேன். அட்டை வந்தது நல்லதுதான். ஆனால் அட்டை என்ன செய்யும்? படுக்கையில் விழுந்தவனுக்குச் செய்யும். விழாமல் இருக்க, தினமும் ஒரு காலை நேரம் கட்டு மாற்றிக்கொண்டு தறியை விட்டு உட்கார்ந்திருந்தால் அந்த வீட்டுக்கு யார் அரிசி போடுவார்கள்? மாத்திரை இலவசம், கட்டு இலவசம், அறுப்பதும் இலவசம். அந்த அரை நாள்தான் இலவசம் இல்லை. அதை எந்தக் கேள்வியிலும் நான் எழுதியதில்லை, அதற்குக் கட்டமே கிடையாது.

இன்னொன்றும் கேளுங்கள். நான் அவர் வீட்டில் எழுதிய தாளில் என்ன இருக்கிறது? நோய் உண்டு, கடுமையானது அல்ல, செலவு இல்லை. கால் போனது அதற்குப் பிறகு. நம்முடைய அடுத்த சுற்றுக் கணக்கெடுப்பு வருவதற்குச் சில வருடங்கள் ஆகிவிட்டன. அப்போதும் கடந்த ஓராண்டில் ஆஸ்பத்திரியில் தங்கினீர்களா என்றுதான் கேட்போம். அதற்கு முந்தியது நமக்கு வேண்டாம். வரதன் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் காலை இழந்தார். அந்தக் கால் எந்த வருடத்துக் கணக்கிலும் வரவில்லை.

அந்த அடுத்த சுற்றுதான் என்னுடைய கடைசிச் சுற்று. எங்கள் கையில் அதற்குள் டேப்லெட் வந்துவிட்டது. குலுக்கலில் எந்தத் தெரு விழும் என்பது நம் கையில் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தெருவே விழுந்தது, அந்த வீடும் விழுந்தது. வேறு யாரையாவது அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

குழியை மூடிச் சிமெண்டு பூசியிருந்தார்கள். பழைய தரையும் புதுச் சிமெண்டும் சேரும் இடம் தனியாகத் தெரிந்தது. அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வரதன் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். "வாங்க மேடம். தறி நின்னுதான்னு கேப்பீங்களே. நின்னுடுச்சி, எழுதிக்கோங்க," என்று சிரித்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. கேள்விகளை ஆரம்பித்தேன். கடந்த ஓராண்டில் ஆஸ்பத்திரியில் தங்கினீர்களா? இல்லை. கடந்த பதினைந்து நாளில் உடம்பு சரியில்லாமல் போனதா? "இனிமே போறதுக்கு இன்னா கீது மேடம்?" சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதற்கு மட்டும் கொஞ்சம் தயங்கினார். ஆட்டோ வைத்துப் போய் வர வேண்டியிருக்கிறது, மல்லிகா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுக் கூட வர வேண்டியிருக்கிறது, அதனால் கொஞ்ச நாளாக இல்லை என்றார். செலவு என்ற இடத்தில் பூஜ்யம் போட்டேன். அந்த வீட்டில் வைத்தியச் செலவு சுத்தமாக நின்றுவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து எந்தக் கோடு இறங்க வேண்டும் என்று எல்லோரும் பாடுபட்டோமோ, அது அந்த வீட்டில் தரையைத் தொட்டுவிட்டது.

மல்லிகாவின் பதில்களை அவளிடமேதான் கேட்க வேண்டும். களம்பூரில் ஒரு மில்லில் வேலைக்குப் போகிறாள், சாயங்காலம் வந்துவிடுவாள் என்றார். காத்திருந்தேன். அவித்த நெல்லைக் களத்தில் கொட்டி, வெயிலில் காலால் தள்ளித் தள்ளிக் காயவைக்கிற வேலை. செருப்புப் போட்டால் நெல் உடையும் என்று போடவிட மாட்டார்கள்.

வந்தாள். வாசலில் தண்ணீர் மொண்டு காலில் ஊற்றித் தவிட்டுத் தூசியைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். "இன்னா மேடம், எவ்ளோ நாளாச்சி. காப்பி குடிச்சீங்களா?" என்று கேட்டபடியே சமையல் பக்கம் போனாள். சிமெண்டுத் தரையில் இரண்டு வரிசையாக ஈரத் தடங்கள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் காப்பியோடு திரும்பி வருவதற்குள் தடங்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்துவிட்டன. இடது கால் தடங்கள் மட்டும் காயவில்லை.

வரதனுக்குக் கண் பார்வையும் மங்கிவிட்டிருந்தது, அவருக்குத் தெரிந்திருக்காது. காப்பியைக் கொடுத்துவிட்டு அவள் திரும்பியபோது, நான் எழுந்து சமையல் பக்கம் அவள் பின்னாலேயே போனேன். "மல்லிகா, காலைக் காட்டும்மா."

அவள் புடவைக் கொசுவத்தை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டாள். "மெதுவாப் பேசுங்க மேடம். அவருக்குத் தெரியாது."

"வலிக்குதா?"

"இல்ல."

"இன்னைக்கே வா. நானே கூட்டிட்டுப் போறேன்."

"நெல்லு லாரி லாரியா வந்துகினு கீது மேடம். இப்ப போயி லீவு கேட்டா வேற ஆள வெச்சிப்பாங்க. இந்த அறுப்பு நெல்லு முடியட்டும்." பிறகு, நான் சங்கடப்படக் கூடாது என்பது போல, "ஒண்ணியும் இல்லன்னு போட்டுக்கோங்க," என்றாள்.

என்னிடம் அப்போது இருந்தது ஒன்றே ஒன்றுதான். விதி, பயிற்சி, மேலதிகாரி எதையும் நினைக்கவில்லை. இன்னும் சில வாரங்களில் வேலையை விட்டுப் போகிறவளுக்கு என்ன பயம்? வாயைத் திறந்து முழுப் பொய்யாகவே சொன்னேன். "ஆஸ்பத்திரிக்குப் போகலன்னா உங்க கார்டை எடுத்துடுவாங்க மல்லிகா."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, கேலியும் இல்லை. ஒரு குழந்தையைப் பார்ப்பது போல அவ்வளவு பரிவாகப் பார்த்தாள்.

"அது நான் சொன்ன பொய்யி மேடம்," என்றாள். "என்னாண்டயே சொல்றீங்களே."

நாற்காலியிலிருந்து வரதன், "இன்னா மேடம், கேள்வி முடிஞ்சிதா?" என்று குரல் கொடுத்தார். டேப்லெட்டில் அவள் பெயருக்கு நேரே, கடந்த பதினைந்து நாளில் உடம்பு சரியில்லாமல் போனதா என்ற கேள்வி திறந்தபடியே இருந்தது. பதில் போடாமல் அது அடுத்த பக்கத்துக்குப் போகாது.

இல்லை என்பதை அழுத்தினேன்.